நான் கேக்காமல் விட்ட ஐஞ்சாம் கேள்வி

போன மாசம் பிலோமினாக்கா ரெலிபோன் எடுத்தா. சுகம் விசாரிச்சுப்போட்டுக் கதை தொடங்கிற பழக்கம் அவவுக்கு இல்லை. கிளினிக்கிலை இருந்து கடிதம் வந்திருக்காம், இந்த முறை கொம்பியூட்டரிலை தானே அமத்த வேணுமாம், தன்னாலை உதெல்லாம் ஏலாதாம், நான் வந்து கேக்க வேணுமாம். நான் வேலையிலை இருந்து ஓய்வெடுத்து ஒரு வருஷமாச்சுது எண்டு சொல்லிப் பாத்தன். அதுக்குத் தான் என்ன செய்யிறது, வியாழக்கிழமை பத்து மணிக்கு நில் எண்டு சொல்லி வைச்சிட்டா.

சரி எண்டு கிளினிக்குக்கு அடிச்சுக் கேட்டன். கொம்பியூட்டர் எல்லாம் பொருத்திக் குடுத்த திவ்யா எண்ட சென்னைப் பொம்பிளை எடுத்தா. இனிக் கேள்வி எல்லாம் திரையிலை வருமாம், கேக்க ஆள் தேவையில்லையாம். பேந்து கொஞ்சம் தயங்கிப்போட்டு, "ஆன்ட்டி, நீங்க இதெல்லாம் வாயாலயே கேட்டீங்களா? அந்த அஞ்சாவது கேள்வியக்கூடவா?" எண்டு கேட்டா.

ஓம், கேட்டனான் எண்டன். அது முழு உண்மை இல்லை. முழு உண்மையை ஒருக்கா எழுதி வைச்சால் என்ன எண்டு அண்டைக்குத்தான் யோசிச்சன்.

என்ரை சரித்திரம் பெரிசா ஒண்டும் இல்லை. மன்னாரிலை பிறந்து, யாழ்ப்பாணத்திலை கலியாணம் முடிச்சு, மொன்றியலுக்கு வந்து பதின்மூண்டு வருஷம் தையல் பக்டரியிலை ஜீன்ஸுக்குச் சிப் தைச்சனான். பக்கத்து மெஷின் பிலோமினாக்கா. நான் வந்த முதல் குளிருக்குத் தன்ரை கோட்டைக் கழட்டித் தந்தவ. என்ரை மனுசனுக்கு ஒப்பரேஷன் செய்யேக்கை ரெண்டு கிழமை சோறு கறி கொண்டுவந்து தந்தவ. ஞாயிற்றுக்கிழமையிலை எங்கடை கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவை நடத்திறதும் அவதான். முதல் வரிசையிலை நேரா நிமிந்து நிப்பா. அவவின்ரை முதுகைப் பாத்துத்தான் நாங்கள் எல்லாரும் எழும்பிறதும் இருக்கிறதும்.

ரெண்டாயிரம் பிறந்த கையோடை பக்டரியை மூடிப்போட்டினம். தமிழும் இங்கிலிசும் கொஞ்சம் பிரெஞ்சும் தெரிஞ்ச பெண் வேணும் எண்டு கோயில் பலகையிலை ஒரு அறிவித்தல் பாத்தன். ஆஸ்பத்திரி ஒண்டின்ரை பெண்கள் கிளினிக். பெண்களுக்குத் தங்களை அறியாமல் சலம், அதாவது சிறுநீர், ஒழுகிற வருத்தம் எந்த இனத்திலை எவ்வளவு வருது எண்டு ஆராயினமாம். வெள்ளைக்காரப் பெண்கள், ஹெயிற்றிப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எண்டு மூண்டு பகுதி. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அதே பெண்களைத் திரும்பக் கேட்டு, புதுசா ஆருக்கு வந்திருக்கு, ஆருக்கு மாறியிருக்கு எண்டு பாக்கிறது. வேலை என்ன எண்டு மனுசன் கேட்டதுக்கு, "பெண்களின்ரை சுகம் விசாரிக்கிற வேலை" எண்டு சொன்னன். அதுக்கு மேலை வாய் வரேல்லை.

பழக்கினது மூண்டு நாள். பழக்கினவ டொக்டர் லூசி, அந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவ. ஒல்லியான கியூபெக் மனுசி, கட்டையா வெட்டின நரைமயிர். அவவின்ரை அறையிலை ரெண்டு கதிரை. நல்ல கதிரையை வாற ஆளுக்குக் குடுத்துப்போட்டுத் தான் மற்ற ஆடிற பதிஞ்ச கதிரையிலை இருப்பா. நாங்கள் கொண்டுவாற ஒவ்வொரு படிவத்தையும் வரிக்குக் கீழை அடிமட்டம் வைச்சு முழுக்க வாசிப்பா. முடிய ஒரு 'மெர்சி', பிரெஞ்சிலை நன்றி. அவ்வளவுதான். நல்லாச் செய்தாய் எண்டும் இல்லை, பிழை எண்டும் இல்லை.

அவ சொல்லித் தந்த முறை இப்பவும் பாடம். கேள்வியை எழுதியிருக்கிறபடி வாசிக்க வேணும், ஒரு சொல்லும் மாத்தக்கூடாது. தலை ஆட்டக்கூடாது. முகத்திலை ஒண்டும் காட்டக்கூடாது. மூண்டாம் ஆள் அறையிலை இருக்கக்கூடாது, புருஷனெண்டாலும் சரி மாமியெண்டாலும் சரி. கேட்ட பிறகு மனசுக்குள்ளை பத்து மட்டும் எண்ண வேணும், அந்தப் பத்துக்குள்ளை வாய் திறக்கக்கூடாது. கடைசி ரெண்டும்தான் எங்கடை ஆக்களிட்டைச் சரிவராது எண்டு அப்பவே எனக்குத் தெரியும். எங்கடை வீடுகளிலை வந்த ஆளைத் தனிய விடுறது மரியாதைக் குறைவு. ரெண்டு பேர் பேசாமல் இருந்தால் ஆரோ கோவம் எண்டு அர்த்தம்.

படிவம் ஒன்பது பக்கம். முதல் நாலு கேள்வியும் லேசு: வயசு, பிள்ளையள், பிரசவம், நிறை. ஐஞ்சாவதுதான் கேள்வி: போன மாதத்திலை இருமேக்கையோ, தும்மேக்கையோ, சிரிக்கேக்கையோ, பாரம் தூக்கேக்கையோ, அவசரம் தாங்காமலோ உங்களை அறியாமல் சலம் போனதோ? 'ஓம்' எண்டால் எத்தினை தரம், எவ்வளவு, என்ன கட்டுறியள், எங்கை போறதை விட்டிட்டியள் எண்டு ஏழு பக்கம் கேக்க வேணும். 'இல்லை' எண்டால் ஒரு அம்புக்குறி நேரை ஒன்பதாம் பக்கத்துக்குக் கொண்டுபோகும். பத்து நிமிஷத்திலை காரியம் முடிஞ்சுது.

ஹெயிற்றிப் பெண்களைக் கேக்கிறது மார்லீன் எண்ட ஹெயிற்றிக்காரி. கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேக்கிறமாதிரிக் கேப்பா. அவையளும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினமாம். எனக்கு முதல் வீடு லாசாலிலை ஒரு அடுக்குமாடி. மாமி எழும்ப மாட்டன் எண்டிட்டா. தனக்கு முன்னாலை கேக்கேலாத அப்பிடி என்ன கேள்வி எண்டு என்னையே விசாரிச்சா. மருமகளைக் குசினிக்குள்ளை கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குள்ளை கேட்டன். உங்களுக்கென்ன விசரோ அக்கா எண்டு கேட்டிட்டு அவ கோப்பை கழுவத் தொடங்கினா. ரெண்டாம் வீட்டிலை அந்தப் பெண் இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் புருஷனிட்டையும் சொல்லியிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் வாசலிலை, சனம் பாக்க, அந்த மனுசன் என்னை மறிச்சு, வெள்ளைக்காரர் சொன்னால் எங்கடை பொம்பிளையளிட்டை உதுவும் கேப்பியளோ எண்டு கேட்டிது. நிலம் பிளந்தால் உள்ளை போயிருப்பன்.

மூண்டாம் வீடு வில்லரேயிலை, பிலோமினாக்கா வீடு.

நான் போய் இருந்ததும் மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா, பால் விட்ட தேத்தண்ணி. வைச்ச கையோடை பிலோமினாக்கா அவவைப் பாத்து, டெப்பனேர்க் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வா எண்டா. அது வெளியிலை பனி கொட்டின நாள். அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொண்டு போனா. நான் அதைப் பற்றி ஒண்டும் யோசிக்கேல்லை. நாலு கேள்வியும் கேட்டன். ஐஞ்சாவதுக்கு வந்தன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நேரை என்னைப் பாத்துக்கொண்டு இருந்தா. எனக்குக் கோட்டுத் தந்த மனுசி. இவவிட்டை இதை எப்பிடிக் கேக்கிறது? படிவத்தைக் குனிஞ்சு பாத்து, 'இல்லை' எண்ட பெட்டியிலை ஒரு சரி போட்டு, ஒன்பதாம் பக்கத்தைப் பிரட்டினன்.

முடிஞ்சுதோ எண்டு கேட்டா. ஓம் அக்கா எண்டன். இவ்வளவுதானோ எண்டு திரும்பக் கேட்டா. இவ்வளவுதான் எண்டன். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போனா.

ஒருக்காச் செய்தால் பேந்து லேசு. அந்தக் குளிர் முழுக்க வீடு வீடாப் போனன். தேத்தண்ணி குடிச்சன், நாலு கேள்வி கேட்டன், ஐஞ்சாவதுக்கு நானே 'இல்லை' போட்டன். முகத்தைப் பாக்க எனக்குத் தெரியாதோ எண்டு எனக்கு நானே சொன்னன். வெக்கக்கேடு என்னெண்டால், எனக்கு அது பெருமையாவும் இருந்தது. மார்லீனின்ரை படிவமெல்லாம் தடிப்பமாத் திரும்பி வரும், என்ரை எல்லாம் சுத்தம். எங்கடை பெண்டுகளின்ரை மானத்தைப் பென்சில் நுனியிலை காப்பாத்திறன் எண்ட நினைப்பு.

பனி கரையிற காலம் டொக்டர் லூசி எங்களைக் கூப்பிட்டு ஒரு அட்டவணையை மேசையிலை விரிச்சா. வெள்ளைப் பெண்களுக்கு இருமல் தும்மலோடை ஒழுகிறது கூட எண்டும், கறுப்புப் பெண்களுக்கு அது குறைவு, அவசரம் தாங்காமல் போறதுதான் கூட எண்டும் டொக்டர்மார் கதைக்கினமாம். ஆசியப் பெண்களைப் பற்றி ஆளுக்கொரு கதையாம். எங்கடை அட்டவணையிலை வெள்ளை வரியும் ஹெயிற்றி வரியும் நிரம்பிக் கிடந்தது. தமிழ் வரி வெறுமையாக் கிடந்தது. "மடாம் ரெஜினா, உங்கள் பெண்களுக்கு ஏன் வருவதில்லை?" எண்டு உண்மையான ஆசையோடை கேட்டா.

அப்ப எண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் பிரசங்கம் வைச்சன். நாங்கள் குந்தியிருந்து பழகின ஆக்கள், குந்தியிருந்து மீன் வெட்டிற ஆக்கள், பிள்ளை பெத்தால் வயித்தை இறுக்கிக் கட்டிற ஆக்கள், பத்தியக் கறி சாப்பிடுற ஆக்கள் எண்டு அடுக்கிக்கொண்டே போனன். அந்த மனுசி அடிமட்டத்தை வைச்சிட்டு ஒரு சொல் விடாமல் எழுதினா. வயித்துக்கட்டு எத்தினை நாள் எண்டும் கேட்டா. நாப்பத்தொரு நாள் எண்டன். அதையும் எழுதினா.

பேந்துதான் மற்றக் கதை வந்தது. இடுப்புக்குக் கீழை இருக்கிற தசையை இறுக்கிப் பழக்கினால் கனபேருக்கு இந்த ஒழுக்கு நிக்குமாம். அதுக்கு ஒரு பயிற்சி வகுப்பு, அந்தந்தப் பாசையிலை, அந்தந்தச் சனம் இருக்கிற இடத்திலை நடத்தப் போகினமாம். தமிழ்ப் பெண்களுக்குத் தேவை இல்லாதபடியாலை தமிழ் வகுப்பை எடுத்தாச்சு எண்டு சொல்லி, அந்த வரியிலை ஒரு கோடு கீறினா. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்திட்டன்.

அந்தக் கோடைதான் பிலோமினாக்கா முதல் வரிசையிலை இருந்து கடைசி வரிசை வாங்குக்குப் போனா. கதவடி வாங்கு. பேந்து பாடகர் குழுவை விட்டா. பேந்து கோயிலுக்கே வரேல்லை. சனம் சும்மா இருக்குமோ? சுவாமியாரோடை கொழுவல், பெருமை பிடிச்சிட்டுது எண்டெல்லாம் கதை. நானும் ரெலிபோன் எடுத்தன், மருமகள்தான் எடுத்தா. ஒரு செவ்வாய்க்கிழமை அதே மருமகள் அழுதுகொண்டு எடுத்தா. மாமி வீட்டிலை தலை சுத்தி விழுந்திட்டா, ஆஸ்பத்திரியிலை, சலத்திலை கிருமி ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போயிட்டுதாம். மாமி மாசக்கணக்காத் தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டா எண்டு டொக்டர் சொன்னவராம்.

நான் ஓடிப்போனன். கையிலை ஊசி ஏத்திக்கொண்டு படுத்திருந்தா. முகம் சுருங்கிப் போச்சுது. ஏன் அக்கா தண்ணி குடிக்கேல்லை எண்டு கேட்டன். குடிச்சால் ஒழுகுது, பாடேக்கை மூச்சை இறுக்க ஒழுகுது, ஒரு நாள் பூசைக்குள்ளை பாவாடை நனைஞ்சு, எல்லாரும் போகுமட்டும் வாங்கை விட்டு எழும்பாமல் இருந்தனான் எண்டு கூரையைப் பாத்துக்கொண்டு சொன்னா. பேந்து என்ரை பக்கம் திரும்பினா.

"நீ அந்தப் பேப்பரோடை வந்த நாள், கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். கிளினிக்கிலை என்ன விசாரிக்கினம் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அந்தப் பிள்ளையைப் பனிக்குள்ளை பால் வாங்க அனுப்பினனான். நீ கேக்கேல்லை, ரெஜினா."

வீட்டிலை பால் இருந்தது. நான் குடிச்ச தேத்தண்ணியிலையே பால் இருந்தது. ஒரு வாழ்நாளிலை எத்தினையோ திட்டு வாங்கியிருக்கிறன், அந்த 'நீ கேக்கேல்லை' மாதிரி ஒண்டும் என்னைச் சுட்டதில்லை. அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். அழுது என்ன? அவவின்ரை படிவத்திலை 'இல்லை' எண்டு கிடக்கு, என்ரை எழுத்திலை.

அடுத்த நாள் காலமை டொக்டர் லூசியின்ரை கதவைத் தட்டினன். வழக்கம்போலை நல்ல கதிரையை எனக்குக் காட்டினா. நான் இருக்கேல்லை. நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன். வேலை போகும் எண்டு தெரியும். மனுசனுக்கு வேலை செய்ய ஏலாது, எனக்கு அந்த வயசிலை வேறை ஆர் வேலை தரப்போகினம்? எண்டாலும் சொல்லாமல் வீட்டை போகேலாது எண்டும் தெரியும்.

அவ கத்தேல்லை. அடிமட்டத்தை மெல்ல மேசையிலை வைச்சா. எத்தினை படிவம் எண்டு கேட்டா. மூண்டாவதிலை இருந்து எல்லாம், முதல் ரெண்டும்கூட முறைப்படி கேக்கேல்லை எண்டன். எழும்பிப்போய் என்ரை கட்டு முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தா. நான் பாத்துக்கொண்டு நிக்க, ஒவ்வொரு படிவத்துக்கும் அடிமட்டம் வைச்சு மூலைக்கு மூலை ஒரு கோடு, கீழை தன்ரை ஒப்பம், அண்டைய திகதி. ஒண்டையும் கிழிக்கேல்லை, எறியேல்லை. இப்ப 'இல்லை' எண்டு பொய்யாப் போட்டவைக்கு ரெண்டு வருஷத்தாலை 'ஓம்' எண்டு வந்தால், புதுசா வந்த வருத்தம் எண்டு எழுதியிருப்பம், பொய்யிலை இருந்து இன்னொரு பொய் எண்டு சொன்னா. என்ரை வயித்துக்கட்டுப் பிரசங்கம் இருந்த தாளையும் எடுத்தா. அதுக்குக் கோடு போடேல்லை. பக்கத்திலை ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டா. இது உண்மையாவும் இருக்கலாம், இன்னும் எங்களுக்குத் தெரியாது எண்டா.

கட்டுக்குள்ளை கடைசியாக் கிடந்தது என்ரை சொந்தப் படிவம். பழகிற நாளிலை நாங்கள் எல்லாரும் எங்களுக்கே நிரப்பினது, அதிலையும் 'இல்லை'தான். அதையும் பாத்தா, என்னையும் பாத்தா. புதுப் படிவம் ஒண்டு எடுத்து, அந்த ஆடிற கதிரையிலை இருந்துகொண்டு, ஐஞ்சாம் கேள்வியை எழுதியிருந்தபடி, ஒரு சொல் மாத்தாமல் வாசிச்சா. வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தா. முகத்திலை ஒண்டும் இல்லை. அவ எண்ணிறா எண்டு எனக்குத் தெரியும். நானும் எண்ணினன். ஏழு மட்டும் தாங்கினன்.

"ஓம்" எண்டன்.

என்ரை கடைசிப் பிள்ளைக்குப் பிறகு துவங்கினது. தும்மினால் போச்சுது. பக்டரியிலை பதின்மூண்டு வருஷமும் பழந்துணியை மடிச்சு வைச்சுக்கொண்டு தைச்சனான். மனுசனுக்குத் தெரியாது. பக்கத்து மெஷினிலை இருந்த பிலோமினாக்காவுக்கும் தெரியாது, அவவின்ரை கதை எனக்கும் தெரியாது. ஏழு பக்கத்தையும் ஆறுதலாக் கேட்டு எழுதினா. முடிய, 'மெர்சி' எண்டா. அந்த ஒரு மெர்சிக்கு நான் இண்டைக்கும் கடமைப்பட்டிருக்கிறன்.

என்னை நிப்பாட்டேல்லை. மேலிடத்துக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பிழை திருத்த என்னை விடச் சரியான ஆள் இல்லை எண்டும் எழுதினா. மூண்டு மாசம் மார்லீன் என்னோடை கூட வந்தா. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் போற வழியிலை என்னைக் கேள்வி வாசிக்க வைப்பா, எண்ணாமல் அவசரப்பட்டால் சப்பாத்தாலை என்ரை சப்பாத்தைத் தட்டுவா. கேள்வி கேக்கிற நேரம் வெளியிலை போய், வாசலிலை மாமிமாரை மறிச்சு வைச்சுக்கொண்டு பிரெஞ்சிலை கதை அளப்பா. வீட்டிலை சரிவராட்டி அடுக்குமாடியின்ரை உடுப்புத் தோய்க்கிற அறை, மெற்றோ வாங்கு, லொங்குய்யிலை ஒருத்தியோடை பஸ் தரிப்பிடம். முதலிலை ஒவ்வொருத்தியிட்டையும் மன்னிப்புக் கேட்டன், நான் உங்களைக் கேக்காமலே எழுதிப்போட்டன் எண்டு. பேந்து, எனக்கும் இருக்கு எண்டு சொல்ல விருப்பம், ஆனால் முறைப்படி அது கூடாது. வாசிச்சுப்போட்டு எண்ணினன். எத்தினை பேர் ஒன்பதாவது எண்ணிலை வாய் திறந்தவை! லாசாலிலை என்னை விசரோ எண்டு கேட்டவ அழுதே போட்டா. இல்லை எண்டு சொன்னவையும் இருந்தவை, உண்மையா இல்லாதவை.

தமிழ் வரி நிரம்பிச்சுது. எண்டாலும் வெள்ளை வரியளவுக்கு வரேல்லை, வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சித்தான் நிண்டது. டொக்டர் லூசிக்கு அதிலை சந்தோசம். வெக்கத்தைக் கழிச்சுப் பாத்த பிறகும் நிக்கிற வித்தியாசம், இனித்தான் ஏன் எண்டு கேக்கலாம் எண்டா. தமிழ் வகுப்பு வரியிலை போட்ட கோட்டை அழிரப்பராலை அழிச்சா.

வகுப்பு எங்கடை கோயில் நிலக்கீழ் மண்டபத்திலை. என்னெண்டு பேர் வைச்சு அறிவிக்கிறது எண்டு நான் மண்டையை உடைக்க, ஆஸ்பத்திரியாலை வந்திருந்த பிலோமினாக்கா, "பாடுற ஆக்களுக்கு மூச்சுப் பயிற்சி எண்டு போடு. வந்தாப் பிறகு நான் சொல்லுறன்" எண்டா. போட்டம். பாட்டே வராத பெண்டுகள் எல்லாம் வந்திச்சினம். எல்லாருக்கும் விளங்கியிருக்கு. முதல் வரிசையிலை அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்திலை, பழைய மெஷின் மாதிரி. இறுக்கு, பத்து எண்ணு, விடு. அங்கையும் பத்துத்தான். ஒரு வருஷத்துக்குள்ளை அக்கா திரும்பவும் பாடகர் குழுவுக்கு முன்னாலை நிண்டா. பூசைக்கு வரமுதல் ஒரு கோப்பை தண்ணி, எனக்குக் காட்டிக் காட்டிக் குடிப்பா.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனன். திவ்யா திரையைக் காட்டி, கேள்வியை வாசிக்க மட்டும் நான் உதவலாம், அறையிலை வேறை ஆரும் நிக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுத் தானும் வெளியிலை போனா. முறை மாறேல்லை எண்டு கண்டு எனக்குச் சந்தோசம். நாலு கேள்வியும் கேட்டன். ஐஞ்சாவது வந்தது. எழுதியிருந்தபடி, ஒரு சொல் மாத்தாமல் வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பாத்துக்கொண்டு இருந்தா, அண்டைக்குப் போலை. மறுமொழி வாயிலை நிக்குது, ஆனால் வேணுமெண்டே சொல்லேல்லை. நான் எண்ணி முடிக்கிறனோ எண்டு பாக்கிறா. பத்து மட்டும் எண்ணினன்.

"இல்லை" எண்டா.

திரையிலை 'இல்லை' எண்ட பெட்டியை நான்தான் அமத்தினன். இந்த முறை கேட்டுப்போட்டு.